டிராக் காருக்கு எஞ்சின் டியூனிங்: அளவான பணத்தில் எந்த வழி?

"வண்டியை டியூன் பண்ணியாச்சா?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் எக்ஸாஸ்ட் மாற்றியதைச் சொல்வார். இன்னொருவர் ஒரு சின்னப் பெட்டியை வாங்கி வயருக்கு நடுவில் செருகியதைச் சொல்வார். மூன்றாமவர் லேப்டாப்பை மாட்டி ஏதோ ஃபைல் ஏற்றியதைச் சொல்வார். நான்காமவர் காரோடு வந்த கம்ப்யூட்டரையே கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தியிருப்பார். சொல் ஒன்றுதான், செய்த வேலை நான்கும் வேறு வேறு.

இந்தக் குழப்பத்தில் அதிகம் அடிபடுகிறவர்கள் புதிதாக ரேஸ் டிராக் பக்கம் வருகிறவர்கள். பழைய கார் ஒன்றை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பாகங்களை மாற்றி, வருடத்தில் சில நாள் டிராக்கில் ஓட்டலாம் என்று இறங்குகிறவரிடம் பணம் அளவாகத்தான் இருக்கும். அதில் பெரும்பகுதியைப் பொருந்தாத பெட்டிக்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் எஞ்சினையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மனதை உறுத்தியதால்தான் எழுத உட்கார்ந்தேன். எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். அது புரிந்துவிட்டால் எந்த வழி உங்களுக்குப் பொருந்தும் என்று கண்டுபிடிப்பது கடினமில்லை.

## எஞ்சின் குடிப்பது காற்றை

அடுப்பில் விறகை எவ்வளவு திணித்தாலும் தீ பெரிதாகாது, புகைதான் கிளம்பும். ஊதுகுழலை எடுத்து ஊதினால் குப்பென்று பற்றும். எஞ்சினும் அப்படித்தான். பேச்செல்லாம் பெட்ரோலைப் பற்றியே இருந்தாலும், எஞ்சினின் சக்திக்கு எல்லை போடுவது காற்று.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. 2 லிட்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 6,000 சுற்று (6,000 ஆர்பிஎம்) சுற்றும்போது, சிலிண்டர்கள் முழுதாக நிரம்பினால், விநாடிக்கு 100 லிட்டர் காற்றை இழுக்கிறது. 200 லிட்டர் டிரம் ஒன்றை இரண்டே விநாடியில் காலி செய்யும் வேகம் அது.

காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள இந்த எடை விகிதத்தைக் கலவை விகிதம் என்கிறோம். 14.7-க்கு 1 என்பது இரண்டும் மிஞ்சாமல் எரியும் புள்ளி. அதைவிடப் பெட்ரோல் கூடினால் ரிச், குறைந்தால் லீன். இதையே லாம்டா என்ற எண்ணாலும் சொல்வார்கள்: 14.7 இருந்தால் லாம்டா 1, ரிச்சாக இருந்தால் ஒன்றுக்குக் கீழே, லீனாக இருந்தால் ஒன்றுக்கு மேலே.

ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது கலவையைக் கொஞ்சம் ரிச்சாகவே வைப்பார்கள். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத எஞ்சினுக்கு 12.5 முதல் 13 வரை, டர்போ எஞ்சினுக்கு 11.5 முதல் 12 வரை என்பது பொதுவாகப் புழங்கும் அளவு. உள்ளே வந்த காற்று முழுவதையும் பயன்படுத்திக்கொள்ள அந்தக் கூடுதல் பெட்ரோல் உதவுகிறது. ஆவியாகும்போது வெப்பத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது.

## ஊஞ்சலைத் தள்ளும் நேரம்

கலவை சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதைக் கொளுத்தும் நேரமும் சரியாக இருக்க வேண்டும். ஊஞ்சலில் குழந்தையை வைத்து ஆட்டியவர்களுக்கு இது தெரியும். ஊஞ்சல் நம் பக்கம் வந்து, நின்று, திரும்பப் போகத் தொடங்கும் அந்தக் கணத்தில் தள்ளினால் சிரமமே இல்லாமல் உயரப் போகும். வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் கை வலிக்கும், ஊஞ்சலும் வெட்டி இழுக்கும். போன பிறகு தள்ளினால் கை காற்றில்தான் போகும்.

பிஸ்டன்தான் இங்கே ஊஞ்சல். ஸ்பார்க் பிளக்கில் பொறி வந்தவுடன் கலவை முழுவதும் ஒரே நொடியில் வெடித்துவிடுவதில்லை. பொறியிலிருந்து தீ பரவ மில்லி விநாடிக் கணக்கில் நேரம் ஆகும். 6,000 ஆர்பிஎம்மில் எஞ்சின் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதே 10 மில்லி விநாடியில். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பொறியைக் கொடுத்தால்தான், அது உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கும் நேரத்தில் அழுத்தம் முழுதாகக் கிடைக்கும். எத்தனை டிகிரி முன்னால் கொடுக்கிறோம் என்பதுதான் இக்னிஷன் டைமிங். டர்போ இல்லாத எஞ்சின்களில் முழு ஆக்ஸிலரேட்டரில் 25, 30 டிகிரி என்பது சாதாரணம்.

டைமிங்கைக் கூட்டக் கூட்ட ஓரளவுக்குச் சக்தி ஏறும். அப்புறம் ஆபத்து தொடங்கும். தீ பரவிக்கொண்டிருக்கும்போதே, சிலிண்டரின் ஓரத்தில் இன்னும் எரியாமல் மிச்சமிருக்கும் கலவை நசுங்கிச் சூடாகித் தானாகவே பற்றிக்கொள்ளும். இதுதான் நாக்கிங். கண்ணாடி பாட்டிலில் சரளைக் கல்லைப் போட்டுக் குலுக்கினால் வரும் சத்தம் போல இருக்கும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஆளுக்கு அதுவும் கேட்காது. நாக்கிங் தொடர்ந்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும், பிஸ்டன் தலை உருகும், ஹெட் கேஸ்கட் போகும்.

பெட்ரோலின் ஆக்டேன் எண் என்பது இந்த நாக்கிங்கைத் தாங்கும் திறனுக்கான அளவு. அதிக ஆக்டேன் பெட்ரோலை ஊற்றினாலே வண்டி பறக்கும் என்பது பரவலாக இருக்கும் தவறான எண்ணம். அந்தப் பெட்ரோலில் கூடுதல் சக்தி ஒளிந்திருப்பதில்லை. டைமிங்கையோ டர்போ அழுத்தத்தையோ கூட்ட அது இடம் கொடுக்கிறது. அந்த இடத்தை யாராவது பயன்படுத்தினால்தான் பலன்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: காற்று எவ்வளவு வந்ததோ அதற்கேற்ற பெட்ரோல், அதற்கேற்ற நேரத்தில் பொறி. டியூனிங் என்ற சொல்லுக்குள் இருக்கும் வேலை இந்த இரண்டும். டர்போ இருந்தால் காற்றழுத்தத்தைத் தீர்மானிப்பது மூன்றாவது.

## கம்ப்யூட்டரின் வாய்ப்பாடு

ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் நாம் விரல் விட்டு எண்ணுவதில்லை. மனப்பாடம் செய்த வாய்ப்பாட்டிலிருந்து ஐம்பத்தாறு வந்து விழுகிறது. எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரும் பெரும்பாலும் வாய்ப்பாட்டை வைத்துத்தான் வேலை செய்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்கு ஈசியு என்று பெயர். பெட்ரோல், பொறி இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் கொண்டுவந்த பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் 1979-ல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்தது. இன்றைய ஈசியுக்களில் வாய்ப்பாடுகள் எத்தனையோ மடங்கு பெருகிவிட்டாலும் அடிப்படை அதேதான்.

வாய்ப்பாட்டின் ஒரு பக்கத்தில் ஆர்பிஎம், இன்னொரு பக்கத்தில் எஞ்சின் மீதிருக்கும் சுமை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். அந்த எண் பெட்ரோலின் அளவாகவோ பொறியின் டிகிரியாகவோ இருக்கும். இந்தக் கட்டங்களின் தொகுப்புக்குத்தான் மேப் என்று பெயர். டியூனர் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

சுமை எவ்வளவு என்பதை, அதாவது எவ்வளவு காற்று உள்ளே வந்தது என்பதை, ஈசியு இரண்டு விதமாகத் தெரிந்துகொள்ளும். சில கார்களில் காற்று வரும் குழாயிலேயே ஒரு சூடான கம்பி இருக்கும். காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்று பார்த்து அளவு சொல்லும். இதை மேஃப் சென்சார் என்பார்கள். வேறு சில கார்களில் உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் வெப்பத்தையும் மட்டும் பார்த்து, "இந்த எஞ்சின் இந்த ஆர்பிஎம்மில் வழக்கமாக இவ்வளவு குடிக்கும்" என்று ஈசியு ஊகிக்கும். அழுத்தத்தைப் பார்ப்பது மேப் சென்சார். பெயர் ஒரே மாதிரி ஒலித்தாலும் இதற்கும் வாய்ப்பாட்டு மேப்புக்கும் சம்பந்தமில்லை என்பதால், இனி அழுத்த சென்சார் என்றே சொல்கிறேன். முதல் வகை அளக்கிறது, இரண்டாவது வகை எஞ்சினின் பழைய பழக்கத்தை நம்புகிறது. இந்த வித்தியாசம் கொஞ்ச நேரத்தில் முக்கியமாகும்.

"ஈசியு தானாகவே கற்றுக்கொள்ளும், எதை மாற்றினாலும் சமாளித்துக்கொள்ளும்" என்று பலர் நம்புகிறார்கள். பாதி உண்மை. எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியு கலவையைத் திருத்துவது உண்மைதான். ஆனால் பழைய கார்களில் இருக்கும் நேரோபேண்ட் வகை சென்சாருக்கு 14.7-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் தெளிவாகத் தெரியும். எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்று சொல்லத் தெரியாது. ஆகவே சீராக ஓட்டும்போது திருத்தும் ஈசியு, முழு ஆக்ஸிலரேட்டரில் அந்த சென்சாரை விட்டுவிட்டு வாய்ப்பாட்டையே நம்பி ஓடும். டிராக்கில் நாம் பெரும்பாலும் இருப்பது அந்த முழு ஆக்ஸிலரேட்டரில்தான்.

## உங்கள் மாற்றம் ஈசியுவுக்குத் தெரியுமா?

டியூனிங் வழியைத் தேர்ந்தெடுக்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. எந்தப் பெட்டி நல்லது, எந்த பிராண்ட் பெரியது என்பதெல்லாம் அப்புறம்.

எக்ஸாஸ்டின் பின்பாதியை மட்டும் மாற்றினால் காற்றின் அளவு சொற்பமாகத்தான் மாறும். மேப்பைத் தொட வேண்டியதில்லை. பழைய பெட்டிக்குள்ளேயே வேறு ஏர் ஃபில்டர் வைத்தாலும் அப்படித்தான்.

ஆனால் மேஃப் சென்சார் உட்காரும் குழாயையே மாற்றினால் கதை வேறு. அந்தச் சூடான கம்பி தன்மேல் படும் காற்றை மட்டும் பார்க்கிறது. குழாயின் அகலத்தை ஈசியு முன்பே தெரிந்துவைத்திருந்து, அதை வைத்து மொத்தத்தைக் கணக்கிடுகிறது. குழாயின் விட்டம் 70 மில்லிமீட்டரிலிருந்து 77 ஆனால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். அதே காற்று இப்போது மெதுவாகப் போவதால், குறைவாகத்தான் வருகிறது என்று ஈசியு நினைத்துக்கொள்ளும். பெட்ரோலைக் குறைக்கும். எஞ்சின் லீனாகும். பளபளப்பான ஒரு குழாயை மாட்டிவிட்டு "சத்தம் நன்றாக இருக்கிறது" என்று சந்தோஷப்படும்போது உள்ளே நடப்பது இதுதான்.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டை மாற்றினால் எஞ்சின் மூச்சு விடும் பழக்கமே மாறுகிறது. அழுத்த சென்சாரை நம்பும் ஈசியு பழைய பழக்கத்தை வைத்து ஊகிப்பதால் எல்லாக் கட்டங்களிலும் எண்கள் பிசகும். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைப் பெரிதாகப் போட்டால், அதன் அளவையும் அது திறக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் ஈசியுவுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஓடும் ஐடிலில் கூட வண்டி ஒழுங்காக நிற்காது.

டர்போ இல்லாமல் வந்த எஞ்சினுக்கு டர்போ பொருத்துவதுதான் இதன் உச்சம். அந்தக் காரோடு வந்த அழுத்த சென்சார் பெரும்பாலும் வெளிக்காற்றின் அழுத்தம் வரைக்கும்தான் அளக்கும். அதற்கு மேல் போனால் அதற்குக் கண் தெரியாது. வாய்ப்பாட்டில் பத்து வரைதான் அச்சிட்டிருக்கிறது, கேள்வியோ பதினைந்தைக் கேட்கிறது.

ஆகவே உங்கள் மாற்றங்களை மூன்று விதமாகப் பிரித்துப் பாருங்கள். பழைய வாய்ப்பாடே சமாளிக்கும் மாற்றமா? எண்களைத் திருத்தினால் போதுமா? வாய்ப்பாடே போதாமல் போகுமா? பணம் எங்கே போக வேண்டும் என்பதை இந்த மூன்று கேள்விகள் சொல்லிவிடும்.

## ஒன்றும் செய்யாமல் இருப்பது

இதையும் ஒரு வழியாகவே சொல்கிறேன். டர்போ இல்லாத எஞ்சின், சாதாரண எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர் என்று இருந்தால் மேப்பைத் திருத்திக் கிடைப்பது பொதுவாகச் சில சதவீதம்தான். காற்று கூடவில்லையே, சக்தி எங்கிருந்து வரும்? அந்தப் பணத்துக்கு நல்ல டயர், பிரேக் பேட், கொதிக்காத பிரேக் ஆயில், இன்னும் இரண்டு டிராக் நாள் என்று போட்டால் டிராக்கை ஒரு சுற்றுச் சுற்றும் லேப் நேரம் அதைவிடக் குறையும். தொழிற்சாலை மேப், மோசமான பெட்ரோலையும் கடும் வெயிலையும் மனதில் வைத்து, கொஞ்சம் இடைவெளி விட்டு எழுதப்பட்டது. டிராக்கில் அந்த இடைவெளி உங்களுக்குப் பாதுகாப்பு.

## ரெடிமேட் ரீமேப்

காரோடு வந்த ஈசியுவையே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் எண்களை மட்டும் மாற்றி எழுதுவது ரீமேப். ரெடிமேட் ரீமேப் என்பது உங்கள் மாடலுக்கு என்று பொதுவாக எழுதி வைத்த ஃபைல். கடையில் தொங்கும் ரீடிங் கண்ணாடி மாதிரி. உங்கள் கண்ணுக்கு அந்தப் பவர் பொருந்தினால் குறைந்த செலவில் வேலை முடிந்தது.

தொழிற்சாலையிலிருந்தே டர்போவோடு வந்த காருக்கு இது நன்றாக எடுபடும். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதும் ஈசியுதான் என்பதால், காற்றையே கூட்டிவிட முடிகிறது. 20 சதவீதமும் அதற்கு மேலும் சக்தி ஏறுவது அங்கே சகஜம். ஆனால் அந்த ஃபைல் எந்த ஆக்டேனுக்கு எழுதியது, எந்தெந்தப் பாகங்களோடு எழுதியது என்று கேட்காமல் ஏற்றக்கூடாது. உங்கள் காரில் ஒரு பாகம் வேறாக இருந்தாலும், அது வேறொருவரின் கண்ணாடி.

## உங்கள் காருக்கே எழுதும் ரீமேப்

என்னிடம் யோசனை கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதைத்தான். இங்கே கண் பரிசோதனை நடக்கிறது. டியூனர் உங்கள் காரை ஓடவிட்டு, லாம்டா, டைமிங், நாக்கிங், வெப்பம் எல்லாவற்றையும் பதிவு செய்து, கட்டம் கட்டமாகத் திருத்துகிறார். இந்தப் பதிவுக்கு டேட்டா லாக் என்று பெயர். ஐடில், குளிரில் ஸ்டார்ட் ஆவது, நாக் சென்சார், சூடேறினால் சக்தியைக் குறைத்துக் காப்பாற்றும் ஏற்பாடுகள் என்று தொழிற்சாலைப் பொறியாளர்கள் வருடக்கணக்கில் உழைத்துச் செய்ததெல்லாம் அப்படியே இருக்கும். அந்த உழைப்பு உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் தூக்கிப் போடுவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

ஒரே நிபந்தனை, அந்த ஈசியுவைத் திறந்து எழுதும் மென்பொருள் இருக்க வேண்டும். சில மாடல்களுக்கு ஹோண்டேட்டா, ஈக்குடெக், எச்பி டியூனர்ஸ், காப் போன்றவை பல வருடமாக வழி செய்து வைத்திருக்கின்றன. சில மாடல்களைத் திறக்கவே வழி இருக்காது. கார் இன்னும் வாங்கவில்லை என்றால், வாங்கும் முன்பே இதைப் பாருங்கள். டிராக் காராக மாற்றப்போகும் வண்டியில் எஞ்சினின் குதிரைத்திறனைவிட இந்த விவரம் அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும்.

டியூனர் தொலைவில் இருந்தாலும் லாக்கை அனுப்பி, திருத்திய மேப்பைத் திரும்ப வாங்கி ஏற்றும் முறை இருக்கிறது. உங்கள் மாடலில் கைபழகியவர் செய்தால் இது நன்றாகவே வரும். முழு ஆக்ஸிலரேட்டரில் லாக் எடுப்பதைப் பொதுச் சாலையில் மட்டும் செய்யாதீர்கள்.

## பிக்கிபேக்: காதில் பொய் சொல்லும் பெட்டி

சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவில் உட்கார்ந்து, போகிற செய்தியை மாற்றிச் சொல்லும் பெட்டி பிக்கிபேக். இரண்டு பேருக்கு நடுவில் நின்று, கேட்டதை மாற்றிச் சொல்லும் மொழிபெயர்ப்பாளரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் என்னவென்றால் ஒரு பொய் ஒரு இடத்தோடு நிற்காது. பெட்ரோலைக் குறைப்பதற்காகக் காற்று குறைவாக வருகிறது என்று பெட்டி சொல்கிறது. ஈசியு பெட்ரோலைக் குறைக்கிறது. அதோடு, சுமை குறைந்துவிட்டது என்று நம்பி, வாய்ப்பாட்டில் வேறொரு கட்டத்துக்குப் போய் டைமிங்கைக் கூட்டிவிடுகிறது. குறைந்த சுமைக்குரிய டைமிங், நிஜத்தில் அதிகச் சுமையில். நாக்கிங்குக்கு இதைவிட நேரான பாதை கிடையாது.

திறக்க முடியாத ஈசியு உள்ள டர்போ கார்களில், டர்போ அழுத்தத்தை மட்டும் அளவோடு கூட்டும் பெட்டிகள் ஓரளவு நியாயமாக வேலை செய்கின்றன. வேறு வழியில்லாத இடத்தில் அவற்றைப் பயன்படுத்தலாம். காற்றின் வெப்பத்தைப் பொய்யாகக் காட்டும் மலிவான ரெசிஸ்டர் பெட்டிகளை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள்.

## ஸ்டாண்ட்அலோன்: புது வாய்ப்பாடு

பழைய ஈசியுவைக் கழற்றி, எல்லாக் கட்டங்களும் நம் கையில் இருக்கும் வேறு ஈசியுவைப் பொருத்துவது ஸ்டாண்ட்அலோன். மோடெக், ஹால்டெக், லிங்க் போன்றவை தயாராகக் கிடைக்கின்றன. கையால் வேலை செய்யத் தெரிந்தவர்களுக்காக 2001-ல் வந்த மெகாஸ்க்வர்ட்டும், ஆர்டுயினோ போர்டை அடிப்படையாகக் கொண்ட திறந்த மூலத் திட்டமான ஸ்பீடுயினோவும் இருக்கின்றன. பழைய, எளிமையான எஞ்சினுக்கு இவை அருமையானவை. டர்போ இல்லாத காருக்கு டர்போ, எஞ்சினையே மாற்றுவது, கார்புரேட்டர் எஞ்சினை இன்ஜெக்ஷனுக்குக் கொண்டுவருவது என்றால் நேராக இங்கே வந்துவிடலாம்.

ஆனால் பெட்டியின் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். பெட்டிக்குள் வருவது ஏறக்குறைய வெறும் தாள். வயரிங், சென்சார்கள், ஐடில், குளிரில் ஸ்டார்ட், ரேடியேட்டர் ஃபேன் என்று ஒவ்வொன்றையும் யாராவது அமைக்க வேண்டும். அந்த நேரத்துக்கும் பணம் வேண்டும், அல்லது உங்கள் வார இறுதிகள் வேண்டும். கொஞ்சம் புதிய கார் என்றால் ஈசியு, ஏபிஎஸ், டாஷ்போர்டு, ஸ்டியரிங் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும். நடுவிலிருந்து ஒன்றை எடுத்தால் மற்றவை முரண்டு பிடிக்கும். பாதி வயரிங்கோடு இரண்டு வருடம் ஷெட்டில் நிற்கும் கார்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கும். அந்த இரண்டு வருடத்தில் எவ்வளவு ஓட்டியிருக்கலாம்.

வழிகளைச் சுருக்கிச் சொன்னால்: லேசான மாற்றம் என்றால் பழைய மேப்பே போதும். திறக்கக்கூடிய ஈசியு, நடுத்தர மாற்றம் என்றால் ரீமேப். வாய்ப்பாடே போதாத இடத்தில் ஸ்டாண்ட்அலோன். பிக்கிபேக், மற்ற கதவுகள் மூடியிருந்தால் மட்டும்.

## டைனோ எண்ணை எப்படிப் பார்ப்பது

காரை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டி, சக்கரத்துக்கு வரும் திறனை அளக்கும் கருவி டைனோ. ஒரே காரை இரண்டு டைனோவில் வைத்தால் இரண்டு எண் வரும், உருளையின் அமைப்பும் திருத்தக் கணக்கும் வேறு என்பதால். ஆகவே இன்னொருவரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டாம். அதே டைனோவில், டியூனிங்குக்கு முன்னும் பின்னும் எப்படி என்று பாருங்கள்.

உச்சத்தில் இருக்கும் ஒற்றை எண்ணும் ஏமாற்றும். எஞ்சினின் முறுக்கு விசையான டார்க்கை (நியூட்டன் மீட்டரில்) ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 200 நியூட்டன் மீட்டர் டார்க் 4,000 ஆர்பிஎம்மில் 84 கிலோவாட், அதுவே 6,000-ல் 126. ஒரு கியர் மாற்றினால் ஆர்பிஎம் எங்கே வந்து விழும் என்று பார்த்து, அங்கிருந்து ரெட்லைன் (எஞ்சினுக்கு அனுமதித்த உச்ச ஆர்பிஎம்) வரை கோடு எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். டிராக்கில் நீங்கள் வாழும் இடம் அது.

## டிராக் கேட்பது வேறு

டைனோவில் ஒரு ஓட்டம் பத்துப் பதினைந்து விநாடி. டிராக்கில் 20 நிமிடம் விடாமல். இந்த இடைவெளியில்தான் எஞ்சின்கள் போகின்றன.

எஞ்சினுக்குள் போகும் காற்று 25 டிகிரி செல்சியஸிலிருந்து 55-க்கு ஏறினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறையும். சக்தி குறைவதை மன்னித்துவிடலாம். சூடான காற்று நாக்கிங்கை வரவழைப்பதுதான் கவலை. ஆகவே டியூனரிடம் "டிராக் கார், நீண்ட நேரம் ஓடும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல டியூனர் டைமிங்கை உச்சத்திலிருந்து ஓரிரு டிகிரி விட்டுக்கொடுத்து, காற்றும் கூலண்டும் சூடேறினால் இன்னும் குறைக்கும்படி எழுதித் தருவார். டைனோ தாளில் கொஞ்சம் குறைந்து தெரியும். அதைப் பொருட்படுத்தாதீர்கள்.

எல்லாக் குறையும் மேப்பிலிருந்து வருவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நண்பர் ஒருவரின் காரில் நடந்தது இது. டைனோவில் லாம்டா 0.87-ல் நூல் பிடித்த மாதிரி நின்றது. டிராக்கில் எடுத்த லாக்கை இரவு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் சில லேப் சுத்தம். ஏழாவது லேப்பில், நீளமான வலப்பக்க வளைவில், 5,400 ஆர்பிஎம்மில், முழு ஆக்ஸிலரேட்டரில், கோடு சட்டென்று 1.02-க்குத் தாவி அரை விநாடியில் திரும்பி வந்தது. எட்டாவது லேப்பிலும் அதே வளைவு, அதே தாவல். வேறெங்கும் இல்லை. மேப் தப்பாக இருந்தால் எல்லா வளைவிலும் அதே ஆர்பிஎம்மில் வந்திருக்க வேண்டுமே! டேங்கில் பெட்ரோல் கால்வாசிக்குக் கீழே போயிருந்தது. வளைவில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கியதும் பம்பின் வாய் காற்றை இழுத்திருக்கிறது. அடுத்த முறை பாதி டேங்குக்குக் குறையாமல் ஓட்டினார், தாவல் காணாமல் போனது. அந்த இடத்தில் மேப்பில் பெட்ரோலைக் கூட்டியிருந்தால் வியாதி ஒன்று, மருந்து வேறாகியிருக்கும். எண்ணெயும் இப்படித்தான் ஒதுங்கும், அது பேரிங்கைக் கொல்லும் என்பதால் ஆயில் பிரஷரையும் லாக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது

முதலில் எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து, சிலிண்டர்களுக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டியூனிங் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். பழைய பிளக், காயில், விரிசல் விட்ட வேக்கம் குழாய், உப்பிய கூலண்ட் குழாய் இவற்றோடு டைனோவுக்குப் போனால், டியூனரின் நேரம் ரிப்பேருக்கே போய்விடும். அந்த மணி நேரத்துக்கும் நீங்கள்தான் பணம் கொடுக்கப்போகிறீர்கள்.

அடுத்து அளவிகள். கலவை விகிதத்தை முழு வீச்சில் அளக்கும் வைட்பேண்ட் சென்சாரும், அதைப் பதிவு செய்யும் வசதியும் இல்லாமல் மாற்றப்பட்ட எஞ்சினை டிராக்கில் ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது.

மூன்றாவது பெட்ரோல் விநியோகம். 7,000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுழற்சிக்கு, அதாவது இரண்டு சுற்றுக்கு, 17 மில்லி விநாடிதான் இருக்கிறது. இன்ஜெக்டர் அதில் 14.5 மில்லி விநாடி திறந்திருந்தால் 85 சதவீதம் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் போவதை டியூனர்கள் விரும்புவதில்லை. எத்தனால் கலந்த இ85 எரிபொருள் பயன்படுத்த நினைத்தால் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாக ஊற்ற வேண்டியிருக்கும், பம்பும் இன்ஜெக்டரும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

அதன் பிறகு டியூனரைத் தேடுங்கள், பெட்டியை அல்ல. உங்கள் எஞ்சினில் கைபழகியவர் யார், அவர் எந்த ஈசியுவில், எந்த மென்பொருளில் வேலை செய்கிறார் என்று கேட்டுவிட்டு அதையே வாங்குங்கள். விலை உயர்ந்த பெட்டியை வாங்கி, அதைத் தொடத் தெரிந்தவர் கிடைக்காமல் அலைவதைவிட, சாதாரணப் பெட்டியும் தெரிந்த கையும் எவ்வளவோ மேல். முடித்த மேப்பின் ஃபைல் உங்களுக்குக் கிடைக்குமா, பூட்டி வைப்பாரா என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். போட நினைக்கும் பாகங்களையெல்லாம் போட்டு முடித்த பிறகு ஒரே முறை டியூன் செய்யுங்கள். இன்றைக்கு டியூன், அடுத்த மாதம் கேம்ஷாஃப்ட் என்றால் இரண்டு முறை பணம் கட்ட வேண்டியிருக்கும். கார் சாலையிலும் ஓடும் என்றால், புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களில் கைவைப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம் என்பதையும் இந்தப் பேச்சிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

புது மேப்போடு முதல் நாள் டிராக்குக்குப் போகும்போது ஒரு பிளக் ஸ்பேனரும் சின்ன பூதக்கண்ணாடியும் எடுத்துப் போங்கள். முதல் ரவுண்டு ஐந்து லேப்போடு திரும்பி வந்து, எஞ்சின் ஆறியதும் ஒரு பிளக்கைக் கழற்றி, முனையில் இருக்கும் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். சுத்தமாக, வெளிர் பழுப்பாக இருந்தால் தொடர்ந்து ஓட்டலாம். பொடிப் பொடியாகக் கறுப்புப் புள்ளியோ வெள்ளி மினுமினுப்போ தெரிந்தால் அது நாக்கிங்கின் தடம், மினுமினுப்பது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு, லாக்கையும் பிளக்கின் படத்தையும் டியூனருக்கு அனுப்புங்கள். இரண்டு டிகிரி குறைத்த மேப் வந்த பிறகு மீதி லேப்களை ஓட்டிக்கொள்ளலாம்.